கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது

அன்புள்ள ஐயா,

மனோரமா பற்றிய குறிப்பில் ‘மேடைதான் அவரை உருவாக்கியது’ என்று எழுதியிருந்தீர்கள். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்பாலைக்குடி பக்கம் பள்ளி ஆசிரியை. இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வள்ளித் திருமணம் நாடகம் வைத்தார்கள். கதை தொடங்கும் முன் நடக்கும் டான்ஸ் காமெடிக்கு வந்த பெண், பபூனை (நாடகக் கோமாளியை) பேசவிடாமல் வாயாலேயே அடித்தார். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. இவ்வளவு திறமை இருந்தும் இந்தப் பெண்கள் டிவி காமெடிக்குப் போவதாகத் தெரியவில்லை, பட்டிமன்றம் பேசிய பெண்கள்தான் போகிறார்கள். மேடை உருவாக்கும் என்றால் இவர்களை ஏன் உருவாக்கவில்லை? இன்னொன்று: இரட்டை அர்த்தம் அதிகமாகிவிட்டது, அடுத்த வருஷம் காமெடியை எடுத்துவிட்டு நேராக நாடகத்தைத் தொடங்கச் சொல்லலாம் என்று பெரியவர்கள் பேசுகிறார்கள். எனக்கும் அது சரி என்றே படுகிறது. உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மனோரமா ஏறிய மேடை வேறு, உங்கள் ஊர்த் திடலில் போட்ட மேடை வேறு. அதை முதலில் பிரித்துக்கொள்வோம்.

மனோரமா மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவர். பள்ளத்தூர் இன்று சிவகங்கை மாவட்டம் என்றாலும் 1985-இல் பிரிக்கும்வரை நம் ராமநாதபுரம் மாவட்டம்தான், ஆகவே கொஞ்சம் உரிமையோடு பேசலாம். ஊருக்கு வந்த நாடகக் குழுவில் பெண் வேடம் கட்டியவருக்குப் பாட்டு சரியாக வரவில்லை. பாடத் தெரிந்த சிறுமி என்று இவரைக் கூப்பிட்டார்கள். ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயர் பரவியது. அப்புறம் எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றம். அங்கே எழுதிய வசனம் உண்டு, ஒத்திகை உண்டு, இவருக்குக் கதாநாயகி வேடமும் உண்டு. 1958-இல் ‘மாலையிட்ட மங்கை’யில் கண்ணதாசன் நகைச்சுவை வேடம் கொடுத்தபோது தயங்கியிருக்கிறார். கதாநாயகி என்றால் சில வருஷம்தான், நகைச்சுவை நடிகை என்றால் நீண்ட நாள் நிற்கலாம் என்ற பொருளில் கவிஞர் பேசிச் சம்மதிக்க வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆயிரம் படங்களைத் தாண்டியதும், கின்னஸும், 2002-இல் பத்மஸ்ரீயும் உங்களுக்குத் தெரிந்த கதை. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். நகைச்சுவைக்கு வரும்போதே அவர் மேடையில் கதாநாயகியாக நின்று நீள வசனம் பேசிப் பழகியிருந்தார். டான்ஸ் காமெடி வழியாக வந்தவர் அல்ல.

இப்போது உங்கள் ஊர் மேடை. அங்கே நடந்தது ஸ்பெஷல் நாடகம். அதில் குழு கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்த்ரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், ஹார்மோனியக்காரர் வேறொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக அமர்த்துகிறார்கள். நோட்டீஸில் எல்லோருடைய போட்டோவும் ஊர்ப் பெயரோடு இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடையில்தான் பல பேர் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் நாடகம் விடியும்வரை ஓடிவிடும். காமெடிக்கு அந்த வசதியும் இல்லை. முதல் நாள் வரை பார்த்திராத பபூனோடு அந்தப் பெண் அங்கேயே வாய்க்கு வாய் கொடுக்க வேண்டும். கடல் காற்றில் மைக் இரையும். கடைசி வரிசையில் பாதிப் பேர் டீக்கடைப் பக்கம் திரும்பி நிற்பார்கள். அவர்களையும் இழுத்து உட்காரவைப்பது சின்ன வேலை இல்லை. நீங்கள் சொன்ன திறமையை நான் சந்தேகிக்கவே இல்லை.

ஆனால் அடுத்த முறை ஒன்றைப் பாருங்கள். பபூன் வருகிறார், தனியாக நிற்கிறார், ஊர்க்காரர்களைப் பார்த்து நேராகப் பேசுகிறார். தலைவரைக் கிண்டல் செய்கிறார், முன்வரிசைப் பையனை வம்புக்கு இழுக்கிறார், தன் பெண்டாட்டி கதையைச் சொல்கிறார். அதன் பிறகுதான் அந்தப் பெண் சினிமாப் பாட்டுக்கு ஆடிக்கொண்டு வருகிறார், அவர்மேல் மோதுகிறார், சண்டை தொடங்குகிறது. அதிலிருந்து அவர் பேசுவதெல்லாம் பபூனைப் பார்த்துத்தான். எவ்வளவு கூர்மையாகப் பேசினாலும் அது பதில். கூட்டத்தைப் பார்த்து ‘எங்க வீட்டுக்காரர் என்ன செஞ்சார் தெரியுமா’ என்று தொடங்க அவருக்கு இடமில்லை. தொடங்கினால் ‘கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறாள்’ என்பார்கள். பின்னிரவில் வள்ளி நாரதரோடு தர்க்கம் செய்யும்போது அதே கூர்மையை ஊர் மரியாதையோடு கேட்கும். அங்கேயும் வள்ளி பேசுவது நாரதரிடம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிவி காமெடிக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். மைக்கைப் பிடித்து, கேமராவையும் கூட்டத்தையும் பார்த்து, தன் கதையைத் தானே சொல்ல வேண்டும். அதைப் பெண்ணுக்குப் பழக்கிக் கொடுத்தது பட்டிமன்றம். ‘நடுவர் அவர்களே’ என்று தொடங்கிவிட்டால் போதும், மாமியாரைப் பற்றியும் கணவனைப் பற்றியும் ஊரையே பார்த்துப் பேசலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. 2005-இல் விஜய் டிவியில் ‘கலக்கப்போவது யாரு’ வந்தபோது முதல் வருஷங்களில் பெரும்பாலும் ஆண் முகங்கள்தான். பிற்பாடு அதில் வந்து நின்றவர் பட்டிமன்றம் பேசிய அறந்தாங்கி நிஷா. தொண்டியிலிருந்து வடக்கே போனால் அறந்தாங்கி, ரொம்ப தூரமில்லை. அவர் சிரிக்கவைத்ததில் நிறையப் பங்கு அவருடைய நிறத்தையும் உடம்பையும் வைத்து வந்த பகடி. அந்தப் பகடி எனக்கு முழுக்க உவப்பானது இல்லை. ஆனால் மைக் அவர் கையில் இருந்தது, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். டான்ஸ் காமெடி நடிகைக்குக் கிடைக்காதது அது.

சம்பாத்தியமும் ஒரு காரணம். பங்குனியிலிருந்து சில மாதங்கள்தான் சீசன். அந்த நேரத்தில் ஷூட்டிங் என்று ஒரு வாரம் சென்னையில் உட்கார்ந்தால் அத்தனை ராத்திரி வருமானமும் போச்சு. நாட்டிலேயே உயரமான டிவி கோபுரம், 323 மீட்டர், நம் ராமேஸ்வரத்தில் நிற்கிறது. டிவியில் முகம் தெரிய மட்டும் சென்னைக்கு ரயிலேற வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை வேறு. மேடை நடிகை ஆடுவது அடுத்தவர் ஊரில். பொழுது விடியும்போது கிளம்பிவிடலாம். சொந்தத் தெருவில் அவர் இன்னாரின் அம்மா, அவ்வளவுதான். டிவி அவர் தெருவுக்குள்ளேயே வந்துவிடும், மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிடும். நாடகக்காரி என்று ஒரு பெண்ணைத் தள்ளிவைக்கிற புத்தி நம் ஊர்களில் இன்னும் முழுக்கப் போகவில்லை. 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக மனோரமா வந்தார். அந்தப் பாத்திரத்தைத் தமிழ்நாடே கொண்டாடியது. நிஜ ரமாமணிகளுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க மட்டும் யோசித்தது.

சரி, காமெடியை வெட்டும் விஷயம். இதில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரட்டை அர்த்தம் இருக்கிறது, சில இடங்களில் காது கூசும்படியும் இருக்கிறது. யூடியூபில் அந்தத் துண்டுகளை மட்டும் வெட்டிப் போட்டு ஓட்டுகிறார்கள், அதனால் மேடையிலும் அது கூடுகிறது. ஆனால் அதைப் பெரும்பாலும் தொடங்குவது பபூன். கேட்டுச் சிரிப்பது முன்வரிசை ஆண்கள். நீங்கள் சொன்ன பெரியவர்களில் சிலரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். காமெடியை எடுத்துவிட்டால் பபூனுக்கு அந்த நாடகத்திலேயே வேறு இடங்களில் வேலை இருக்கும். அந்தப் பெண்ணுக்கு அன்றைய ராத்திரியில் இருக்கும் பெரிய பங்கே அந்த நேரம்தான். எடுத்துவிட்டால் அவரை அமர்த்தவே தேவையில்லை, நோட்டீஸில் ஒரு போட்டோ குறையும்.

பெரியவர்களிடம் வேறு ஒன்று கேட்டுப் பாருங்கள். நாடகம் அமர்த்தப் பேசும்போதே ஏஜென்ட்டிடம் இரண்டு நிபந்தனை போடலாம். இன்னின்ன பேச்சு கூடாது என்பது ஒன்று. பபூனுக்கு முன்னால் அந்தப் பெண் முதலில் தனியாக வந்து கால் மணி நேரம் மைக்கில் பேச வேண்டும் என்பது இன்னொன்று. ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு. பணம் கொடுப்பது ஊர், கேட்பதில் தப்பில்லை. இப்போதே கேட்டு வையுங்கள், அடுத்த சீசனுக்கு நல்ல நடிகைகளின் தேதிகள் மாசியிலேயே முடிந்துவிடும்.