26 பிரதியில் ஒன்று, விலை 1,450 டாலர்: வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். டல்லாஸில் சாஃப்ட்வேர் வேலை, எச்-1பி விசா, வயது 36. என் சம்பளம் வருஷத்துக்கு 1,45,000 டாலர். மனைவி எச்-4 விசாவில் வேலை அனுமதி வாங்கி 70,000 டாலர் சம்பாதிக்கிறாள். நாலு வயதுப் பையன் இருக்கிறான். காலேஜ் நாளிலிருந்தே எனக்கு ஃபேன்டசி நாவல் பைத்தியம். ஐந்தாறு வருஷமாக எழுத்தாளர் கையெழுத்துப் போட்ட லிமிடெட் எடிஷன்களை வாங்குகிறேன், இதுவரை 14,000 டாலர் ஆகியிருக்கும். விலை ஏறும் பொருள் என்பதால் முதலீடாகத்தான் பார்க்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு அனுப்பியது போகக் கையில் 4,000 டாலர் இருக்கிறது. கிரெடிட் கார்டில் 6,200 பாக்கி, வட்டி 24 சதவீதம். 401-கே என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் சம்பளத்தில் 3 சதவீதம் போடுகிறேன். கம்பெனி 5 சதவீதம் வரை சமமாகப் போடும். நான் சேர்த்துவரும் ஒரு தொடரின் அடுத்த பாகம் இப்போது முன்பதிவுக்கு வருகிறது. நம்பர்டு எடிஷன், அதாவது பிரதிக்கு ஒரு எண் போட்டது, 225 டாலர். லெட்டர்டு எடிஷன் 1,450 டாலர், ஏ முதல் இசட் வரை 26 பிரதிதான். லெட்டர்டை வாங்கலாமா? இல்லை, நம்பர்டில் இரண்டு வாங்கி ஒன்றை விற்றுச் செலவை ஈடுகட்டலாமா? எல்லாவற்றையும் விற்றுத் தொலை என்கிறாள் மனைவி.

பதில்: லெட்டர்டு வேண்டாம். இரண்டு பிரதித் திட்டமும் வேண்டாம். எல்லாவற்றையும் விற்கவும் வேண்டாம், ஆனால் ஒரு பகுதியை விற்கத்தான் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது 14,000 டாலர் அல்ல. இரண்டு சம்பளம் வரும் வீட்டில் ஆறு வருஷத்தில் அவ்வளவு பணத்தை ஒருவர் ஆசைப்பட்ட பொருளுக்குச் செலவழிப்பது பெரிய குற்றமில்லை, டல்லாஸில் காருக்கு அதைவிட அதிகம் கொட்டுபவர்கள் உண்டு. ஆனால் அதை முதலீடு என்று எழுதிக்கொண்டதால் செலவுக் கணக்கில் அது வரவே இல்லை. அதனால்தான் கார்டில் 6,200 நிற்கும்போதும் 1,450 டாலர் பொருளை வாங்கலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. 6,200-க்கு 24 சதவீதம் என்றால் மாதம் 124 டாலர் வட்டி மட்டும். இரண்டு மாத வட்டி ஒரு நம்பர்டு எடிஷன் விலையைத் தாண்டுகிறது.

சரி, முதலீடு என்றே வைத்துக்கொள்வோம். நன்றாக விலை ஏறிய ஒரு புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தபால் செலவோடு 500 டாலருக்கு வாங்கினீர்கள், எட்டு வருஷம் கழித்து 900-க்கு விற்கிறீர்கள். நண்பர்களிடம் சொல்லும்போது 80 சதவீத லாபம். ஈபேயில் விற்றால் புத்தகத்துக்குக் கட்டணம் சுமார் 15 சதவீதம், அதில் 135 போச்சு. பெட்டி, தபால், காப்பீடு என்று 35 டாலர். கையில் 730. இந்த வகைச் சேகரிப்புப் பொருளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றாலும் அமெரிக்க வருமான வரியில் பங்குகளுக்குக் கிடைக்கும் 15 சதவீதச் சலுகை கிடையாது. உங்கள் சாதாரண வரி விகிதம்தான், உச்சம் 28 சதவீதம். உங்கள் இருவர் வருமானத்துக்கு 22 சதவீதம் என்று கொண்டால் 230 டாலர் லாபத்தில் 51 டாலர் வரி. டெக்ஸாஸில் மாநில வருமான வரி இல்லாதது ஒரு புண்ணியம். மிச்சம் 679. எட்டு வருஷத்துக்குக் கூட்டு வட்டியாகப் போட்டுப் பார்த்தால் வருஷத்துக்கு 4 சதவீதம்கூட வரவில்லை. இது ஜெயித்த புத்தகத்தின் கணக்கு. அலமாரியில் வாங்கிய விலைக்கே போகாதவையும் இருக்கும், அந்த நஷ்டத்தை வரியில் கழிக்கவும் முடியாது, ஏனென்றால் சொந்த உபயோகப் பொருளை விற்று வரும் நஷ்டத்துக்குக் கழிவு இல்லை.

"ஹாரி பாட்டர் முதல் பதிப்பு லட்சக்கணக்கில் போனதே?" என்று உடனே கேட்பீர்கள். போனது, 2021 டிசம்பரில் அமெரிக்க ஏலம் ஒன்றில் 4,71,000 டாலருக்கு. அது ஏன் போனது என்பதுதான் விஷயம். 1997-ல் அதன் லண்டன் பதிப்பகம் கெட்டி அட்டைப் பதிப்பை 500 பிரதிதான் போட்டது, பெயர் தெரியாத ஒருவரின் முதல் புத்தகம் என்பதால். அதில் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போய்ப் பிள்ளைகள் கையில் கிழிந்தது, முத்திரை குத்தப்பட்டது, மேலே ஜூஸ் கொட்டியது. 1937-ல் வந்த டோல்கீனின் 'ஹாபிட்' முதல் அச்சு 1,500 பிரதி; அதுவும் குழந்தைகள் படிக்க வாங்கிய புத்தகம்தான். யாரும் திட்டமிடாமல் வந்த அபூர்வம் அது. இன்றைய லிமிடெட் எடிஷன் கதையே வேறு. பிரிட்டிஷ் பதிப்பகமான ஃபோலியோ சொசைட்டி 2022-ல் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை ஓவியர் ஆலன் லீ கையெழுத்தோடு 1,000 செட் போட்டது. வாங்கியவர்கள் எல்லாம் விவரமான பெரியவர்கள், பிளாஸ்டிக் உறை போட்டு, வந்த அட்டைப் பெட்டியைக்கூட பரணில் பத்திரப்படுத்துகிறவர்கள். இருபது வருஷம் கழித்தும் ஏறக்குறைய 1,000 செட்டும் புத்தம் புதிதாக இருக்கும். கிழிய ஆளில்லாத இடத்தில் பிரதி எண்ணிக்கை குறையாது. அப்போது விலை முழுக்க, அன்றைக்கு எத்தனை பேர் அந்தக் கதையை இன்னும் நேசிக்கிறார்கள் என்பதில் நிற்கும். அதை நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

கையெழுத்துக்கும் இதே கதைதான். உங்கள் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து, கையெழுத்துப் பக்கத்தை முதுகோரம் வரை விரித்துப் பாருங்கள். பல புத்தகங்களில் அந்தத் தாள் மட்டும் கொஞ்சம் வேறு நிறத்தில், தனியாக ஒட்டியோ தைத்தோ இருக்கும். பதிப்பகம் வெறும் தாள்களைப் பெட்டி பெட்டியாக எழுத்தாளர் வீட்டுக்கு அனுப்பும், அவர் டிவி பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் போட்டுத் தள்ளுவார், திரும்பி வந்தபின் பைண்டிங்கில் சேர்ப்பார்கள். இதில் மோசடி ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. ஆனால் உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிற ஒருவரின் கையெழுத்து அபூர்வமான சரக்கு அல்ல. பிரிட்டிஷ் ஃபேன்டசி எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் கேட்டவர்க்கெல்லாம் கையெழுத்துப் போட்டவர். அவர் கையெழுத்து இல்லாத பிரதிதான் அபூர்வம் என்று பிரிட்டனில் ஒரு கேலியே உண்டு.

இன்னொரு கொக்கி, நம்பர் உரிமை. முதல் பாகத்தில் 187-ஆம் பிரதி வாங்கியவருக்கு அடுத்த பாகங்களிலும் அதே 187-ஐ எடுத்து வைக்கிறார்கள். ஒரே நம்பரில் முழு செட் இருந்தால் விலை தனி, ஒரு பாகம் விட்டுப்போனால் செட் உடையும், அதனால் வேண்டாத வருஷத்திலும் வாங்கித் தீர வேண்டியிருக்கிறது. கிட்டத்தட்ட சீட்டுப் பிடிப்பது மாதிரிதான், என்ன, சீட்டுக்கு முடிவு தேதி உண்டு. ஃபேன்டசித் தொடருக்கு அது கிடையாது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவல் தொடரில் ஐந்தாம் பாகம் 2011-ல் வந்தது, ஆறாவதுக்கு இன்னும் உலகமே காத்திருக்கிறது. முடியாத தொடரின் அழகான செட்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எழுத்தாளர் ஏதாவது விவகாரத்தில் சிக்கிப் பெயர் கெட்டுப்போனால் அது வேறு தலைவலி. இதோடு, முன்பதிவு என்றால் முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிட்டு ஒரு வருஷம், சில சமயம் அதற்கு மேலும் காத்திருக்கிறீர்கள். சின்னப் பதிப்பகம் அதற்குள் மூடிவிட்டால் பணம் முழுசாகத் திரும்பி வரும் என்று நிச்சயமில்லை.

இப்போது இரண்டு பிரதித் திட்டம். இதில் எனக்கு லாப நஷ்டத்தைவிட விசாதான் பயம். எச்-1பி-யில் இருப்பவர் தன் சொந்தச் சேகரிப்பை விற்பது ஒன்று, விற்பதற்கென்றே திரும்பத் திரும்ப வாங்கி விற்பது வேறு. இரண்டாவதை வியாபாரம் என்று பார்க்க இடம் இருக்கிறது, உங்கள் விசா உங்கள் கம்பெனி வேலைக்கு மட்டும்தான் அனுமதி தருகிறது. 50, 100 டாலருக்காக கிரீன் கார்டு வரிசையைப் பணயம் வைப்பார்களா? அப்படியும் ஆசை விடவில்லை என்றால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். வரி விஷயத்திலும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. வருஷத்தில் 20,000 டாலரும் 200 விற்பனையும் தாண்டினால்தான் ஈபே மாதிரியான தளங்கள் அரசுக்கு உங்கள் விற்பனைத் தொகையைத் தெரிவிக்கும் 1099-கே படிவம் அனுப்ப வேண்டும் என்பது சரி. அதற்காகப் படிவம் வராத லாபத்துக்கு வரி இல்லை என்று அர்த்தமில்லை. வாங்கிய ரசீது மின்னஞ்சல்களை எல்லாம் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

விசா பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நான் எழுதுவதில் முக்கியமானது இதுதான். நாளை வேலை போனால் அடுத்த வேலை தேட எச்-1பி-க்கு அதிகபட்சம் 60 நாள். மனைவியின் வேலை அனுமதி உங்கள் விசாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஆக ஒரு வேலை போனால் இரண்டு சம்பளமும் ஆட்டம் காணும். அந்த 60 நாளில் வாடகை, வக்கீல் ஃபீஸ், ஒருவேளை ஊருக்கு டிக்கெட். கையில் 4,000. மீதி அத்தனையும் கனமான தோல் அட்டைப் புத்தகங்களாக அலமாரியில் நிற்கிறது. இவற்றுக்கு நல்ல விலை வேண்டுமென்றால் சரியான ஆள் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரமாக விற்பவனை சேகரிப்பாளர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள், பாதி விலைக்குக் கேட்பார்கள். கப்பலில் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றால் அந்த எடைக்கும், அங்கே மதிப்பறிந்து வாங்க ஆள் கிடைப்பதற்கும் என்ன செய்வீர்கள்?

ஆகவே செய்ய வேண்டியது. இந்த மாதமே 401-கே-யை 5 சதவீதமாக ஏற்றுங்கள். அந்த 2 சதவீதத்தை விட்டதால் கம்பெனி தர இருந்த 2,900 டாலரை ஒவ்வொரு வருஷமும் வேண்டாம் என்று சொல்லிவருகிறீர்கள், அது இரண்டு லெட்டர்டு எடிஷன் காசு. அப்புறம் மனைவியோடு உட்கார்ந்து அலமாரியை இரண்டாகப் பிரியுங்கள். நிஜமாகவே திரும்பத் திரும்பப் படிக்கிற, எடுத்துத் தடவிப் பார்க்கிற புத்தகங்கள் ஒரு பக்கம். விலை ஏறும் என்று எல்லோரும் சொன்னதால் வாங்கியவை மறுபக்கம். இரண்டாவது பக்கம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கும் என்பது என் ஊகம். அதில் முதலில் போக வேண்டியது, கதையே பிடிக்காமல் பாதியில் வைத்துவிட்ட தொடர்கள்.

விற்கும்போது விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டினால் நிஜமாக என்ன விலைக்குப் போனது என்று தெரியும். செட்டை உடைக்காதீர்கள். சேகரிப்பாளர்களின் ஃபேஸ்புக் குழுக்களில் நேரடியாக விற்றால் 15 சதவீதம் மிச்சம். பேபாலில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு உள்ள வகையில் பணம் வாங்குங்கள், 3 சதவீதம் சொச்சம்தான் பிடிப்பார்கள். மூலை மழுங்கியிருந்தால், வெயில் பட்டு முதுகு வெளுத்திருந்தால் ஒளிக்காமல் படம் எடுத்துப் போடுங்கள். ஸ்லிப்கேஸில், அதாவது புத்தகத்தைச் செருகி வைக்கும் அட்டைக் கூட்டில், இருந்தாலும் முதுகு மட்டும் வெளியே தெரிவதால் ஜன்னலோர அலமாரியில் அதுதான் முதலில் வெளுக்கும். பதிப்பகம் அனுப்பிய பெட்டி இருந்தால் அதிலேயே அனுப்புங்கள். செலவெல்லாம் போக 4,000 டாலர் திரட்ட முடிந்தால் மொத்தத்தையும் கார்டில் கட்டுங்கள், மிச்சம் 2,200-ஐ நாலைந்து மாதத்தில் அடைத்துவிடலாம். அதன் பிறகு ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் சேரும்வரை புத்தகத்துக்கு மாதம் 75 டாலர், அதற்கு மேல் இல்லை. சேர்ந்த பிறகு எவ்வளவு என்பதை நீங்களும் மனைவியும் பேசி முடிவு செய்யுங்கள், அதில் எனக்கு வேலையில்லை. 'பொழுதுபோக்கு' என்று தலைப்புப் போட்டே எழுதுங்கள்.

வைத்துக்கொள்ளும் புத்தகங்களுக்கு ஒரு சின்ன வேலை: வாடகை வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு, விலையுயர்ந்த பொருள்களைத் தனியாகப் பட்டியலிட்டுச் சேர்க்க முடியுமா, எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். வெள்ளச் சேதம் சாதாரண பாலிசியில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். டெக்ஸாஸ் வெயிலில் கராஜில் எதையும் வைக்காதீர்கள், பசை இளகிவிடும்.

முன்பதிவைப் பொறுத்தவரை, பதிப்பகத்துக்கு லெட்டர்டு வேண்டாம், நம்பர்டில் என் பழைய நம்பரே ஒரு பிரதி போதும் என்று எழுதுங்கள். அதுவும் கடைசித் தேதிக்குள் பழைய புத்தகம் ஒன்றாவது விற்று 225 டாலர் வந்திருந்தால் மட்டும், பணத்தை டெபிட் கார்டில் கட்டி. வரவில்லை என்றால் நம்பர் போகட்டும்.