மேட்டுக்கு அந்தப் பக்கம் இணையம்: டிவி அலைவரிசை கைகொடுக்குமா?

கேள்வி: நான் ஓசூர்க்காரன். கென்யாவில் நன்யுகி ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாப் பண்ணையில் மேலாளராக இருக்கிறேன். பண்ணைக்கு நல்ல இணைய இணைப்பு உண்டு. தொழிலாளர்கள் குடியிருக்கும் ஊரும் பள்ளிக்கூடமும் 11 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. நடுவில் ஒரு மேடு, ஊரைச் சுற்றி அடர்ந்த மரங்கள். வைஃபை வகை அலையை நேர்கோட்டில் அனுப்பும் 5.8 கிகாஹெர்ட்ஸ் டிஷ் வைத்துப் பார்த்தோம், சிக்னல் எடுக்கவில்லை. காலியாகக் கிடக்கும் டிவி அலைவரிசையில் இந்தப் பகுதியிலேயே முன்பு இணையம் கொடுத்தார்களாம். முதலாளி செலவு செய்யத் தயார். வாங்கிப் போடலாமா? ஊரில் அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமங்களுக்கும் இது ஆகுமா?

பதில்: போடலாம். ஆனால் கருவிக்குப் பணம் கட்டும் முன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி அந்த மேட்டில் ஏறிப் பாருங்கள். உங்கள் சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2013ல் மைக்ரோசாஃப்ட், கென்ய அரசு, இண்டிகோ டெலிகாம் மூவரும் சேர்ந்து நன்யுகி பகுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். பெயர் மவிங்கு, சுவாஹிலியில் மேகம் என்று பொருள், உங்களுக்கே தெரிந்திருக்கும். கக்காவா உயர்நிலைப் பள்ளி, புர்குரெட் மருந்தகம் போன்ற இடங்களுக்கு சூரிய மின்சாரத்தில் ஓடும் கருவிகள் வழியாக டிவி அலைவரிசையில் இணையம் போனது. அதே ஆண்டு கேப் டவுனில் கூகுள் உள்ளிட்டோர் 10 பள்ளிகளுக்கு இப்படியே கொடுத்துப் பார்த்தார்கள். டிவி பார்ப்பவர்களுக்கு இடைஞ்சல் வரவில்லை.

காலியிடம் எங்கிருந்து வருகிறது? ஆப்பிரிக்காவில் தரைவழி டிவிக்கு இன்று 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு சேனலுக்கு 8 மெகாஹெர்ட்ஸ் என்று வெட்டினால் 28 சேனல். பக்கத்துப் பக்கத்து டவர்கள் ஒரே சேனலில் ஒலிபரப்பினால் இரண்டும் குழம்பிவிடும் என்பதால், ஒவ்வொரு பகுதியிலும் சிலவற்றை மட்டும் பயன்படுத்தி மற்றதைச் சும்மா விடுவார்கள். நைரோபியைவிட கிராமத்தில் இந்தக் காலியிடம் அதிகம். இதைத்தான் டிவி ஒயிட் ஸ்பேஸ் என்கிறார்கள்.

காலியாக இருக்கிறதே என்று நாமே எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குக் காரணம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், புரிந்தது பிற்பாடுதான். எங்கள் கடலோர ஊரில் எண்பதுகளில் மொட்டை மாடிக்கு மாடி நீளக் குழாய் நட்டு, உச்சியில் மீன்முள் ஏரியலைக் கட்டி, பூஸ்டர் வைத்து இலங்கையின் ரூபவாகினி பார்ப்போம். ஒருவர் மேலே குழாயைத் திருப்ப, கீழேயிருந்து “தெரியுது, தெரியுது, ஐயோ போச்சு” என்று கத்துவோம். அன்று தெருவில் நின்று ஒரு சாதாரணக் கருவியைக் கேட்டிருந்தால் “இந்தச் சேனல் காலி” என்றுதான் சொல்லியிருக்கும். ஆனால் முப்பதடி உயரத்தில் ஒரு குடும்பமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது! அதனால்தான் இந்தக் கருவிகள் தாமாகக் காற்றை முகர்ந்து முடிவெடுப்பதில்லை. ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தைக் கண்டுபிடித்து, எங்கே எந்தச் சேனல் ஓடுகிறது என்ற விவரம் வைத்திருக்கும் ஒரு தரவுத்தளத்தைக் கேட்டு, இந்த இடத்தில் இந்தச் சேனல்கள், இவ்வளவு சக்தி என்று அது அனுமதித்தால் மட்டும் ஒலிபரப்பும். அனுமதி புதுப்பிக்கப்படாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

இனி உங்கள் மேடு. டிவி அலை மலையைத் துளைத்துக்கொண்டு போகும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். துளைக்காது. மேட்டின் விளிம்பில் கொஞ்சம் வளைந்து இறங்கும், அவ்வளவுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேடு சரியாக நடுவழியில், கத்தி முனை போலக் கூர்மையாக, இரு ஏரியல்களையும் இணைக்கும் நேர்கோட்டைவிட 30 மீட்டர் உயர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தடையால் 500 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 25ல் ஒரு பங்காகக் குறையும். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையோ 250ல் ஒரு பங்காகிவிடும். பத்து மடங்கு வித்தியாசம் பெரிதுதான். ஆனால் மேடு 150 மீட்டர் என்றால் டிவி அலையே 500ல் ஒரு பங்குக்கு வந்துவிடும். உங்கள் மேடு எவ்வளவு உயரம் என்று நீங்கள் எழுதவில்லை.

மரங்கள் விஷயம் வேறு. அங்கே டிவி அலைதான் ராஜா. 5.8ன் அலைநீளம் 5 சென்டிமீட்டர். இலையும் ஈரமும் அதைத் தின்றுவிடும். 500 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 60 சென்டிமீட்டர், தோப்புக்குள்ளும் ஓரளவு நுழைந்து வெளியே வரும்.

வேகத்தில் மயங்காதீர்கள். ஒரு 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஏட்டுக் கணக்குப்படி வினாடிக்கு 35 மெகாபிட் வரும். கையில் 20 கிடைத்தால் நல்லது. அதுவும் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து. வீடியோ பார்க்க ஆளுக்கு 3 மெகாபிட் என்றால் ஒரே நேரத்தில் ஆறேழு பேர்தான். சம்பள நாள் ராத்திரி நிலைமையை நினைத்துப் பாருங்கள். அகலமான சேனல் கிடைக்கும் 5.8 டிஷ், கண்ணுக்கு நேரே இருந்தால், இதைப்போல் பல மடங்கு கொடுக்கும். விலையும் குறைவு. டிவி அலைக் கருவி செய்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், பழுதானால் மாற்றுக்குக் காத்திருக்க வேண்டும். கைபேசியில் இந்த வசதி கிடையாது என்பதால், ஏரியல் வைத்த இடத்திலிருந்து உள்ளே எப்படியும் வைஃபைதான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வெயில் நன்றாக ஏறிய பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியோடு ஒருவரைப் பள்ளிக்கூடத்துக் கூரையில் நிறுத்துங்கள், இன்னொருவரைப் பண்ணைத் தண்ணீர்த் தொட்டி மேல். நீங்கள் மேட்டு உச்சியில் நில்லுங்கள். இருவரும் சூரிய ஒளியை உங்கள் பக்கம் திருப்பட்டும். இரண்டு பளிச்சும் தெரிந்தால் அங்கே ஒரு கம்பம், இரண்டு டிஷ், ஒரு சோலார் பலகை, ஒரு பேட்டரி வைத்து, சிக்னலை வாங்கி மறுபக்கம் அனுப்பும் ரிலே போட்டுவிடலாம். பளிச் தெரிந்தால் மட்டும் போதாது, கோட்டைச் சுற்றி இடமும் வேண்டும்: ஐந்தரைக் கிலோமீட்டர் தாவலுக்கு நடுவழியில் கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் ஐந்து மீட்டருக்குள் கிளை எதுவும் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டு நிலம் யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். பல திட்டங்கள் அலையால் அல்ல, கம்பம் நட இடம் கிடைக்காமல்தான் நின்றுபோகின்றன. நீங்கள் பூமத்திய ரேகையிலேயே இருப்பதால் சோலார் பலகையை எந்தத் திசைக்குச் சாய்த்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பத்துப் பதினைந்து டிகிரி கட்டாயம் சாய்த்து வையுங்கள், மழையில் தூசி கழுவிக்கொண்டு போகும். இடிதாங்கியும் நல்ல எர்த்தும் வேண்டும்.

பள்ளிக்கூடம் வரை 5.8 வந்துவிட்டால், அங்கிருந்து மரங்களுக்குள் ஒளிந்திருக்கும் வீடுகளுக்கு டிவி அலையை வையுங்கள். அதன் இடம் அதுதான். ஒருவேளை உச்சியிலிருந்து பள்ளி தெரியவே இல்லை, மரம்தான் தெரிகிறது என்றால் உச்சியிலிருந்தே டிவி அலையை இறக்குங்கள்.

எதுவானாலும் கென்யத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் போகாமல் தொடங்க வேண்டாம். ஒயிட் ஸ்பேஸுக்கு விதிமுறை வகுத்த நாடுகளில் கென்யாவும் ஒன்று. சமூக வலைப்பின்னல்களுக்கென்று தனி உரிமப் பிரிவும் அங்கே இருக்கிறது. பண்ணைக்கு இணையம் தரும் நிறுவனத்திடமும் வெளியாருக்குப் பகிர எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இதை விட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அப்புறம் அஞ்செட்டி. காலியிடம் என்று பார்த்தால் இந்தியாவில் தாராளம்: 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையிலான டிவி பட்டையில், வடக்கு நீங்கலாக நான்கு மண்டலங்களில் சராசரியாக 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சும்மா கிடக்கிறது என்று ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்துக் கிராமங்களில் ஓட்டியும் காட்டினார்கள். ஆனால் கென்யாவைப் போல நம் நாட்டில் இதைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடவில்லை. ஊருக்குக் கருவி எதையும் பெட்டியில் போட்டு எடுத்து வராதீர்கள். இந்தியாவில் 5.8க்கு அலைக்கற்றை உரிமம் தேவையில்லை. கண்ணாடி மட்டும் போதும், ஆரம்பிக்க.