தோட்டக் கருவி பேட்டரி: கேளுங்கள், சொல்கிறேன்

இந்த வாரம் கேள்வி பதில் என் தலையில் விழுந்திருக்கிறது. மருந்தடிக்கிற ஸ்பிரேயர், களைவெட்டி, கவாத்துக் கத்தரி, கை செயின் சா, இவற்றின் பேட்டரி பற்றிக் கேளுங்கள். போர் மோட்டாருக்கு வேறு ஆள் இருக்கிறார்.

கோபிசெட்டிபாளையம்: அண்ணா, மழை வரைக்கும் களைவெட்டிக்கு வேலை இல்லை. பேட்டரியை ஃபுல்லா ஏத்தி வைக்கறதா, காலி பண்ணி வைக்கறதா? ஸ்பிரேயருக்கும் அதேதானுங்களா?

இரண்டும் வேண்டாம். களைவெட்டியில் இருப்பது லித்தியம். பாதி சார்ஜில் வையுங்கள். சார்ஜ் காட்ட நாலு விளக்கு இருக்கிற பேட்டரி பேக் என்றால் இரண்டு எரிந்தால் போதும். ஃபுல் சார்ஜோடு சூட்டில் மாசக்கணக்கில் கிடந்தால் கொள்ளளவு குறையும், குறைந்தது திரும்பாது. காலியாக வைத்தால் தானாக இன்னும் இறங்கி, செல்லுக்கு 2.5 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். இன்னும் ஆழமாக இறங்கினால் உள்ளே இருக்கிற செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அந்த நிலையில் மறுபடி சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். நல்ல சார்ஜர் செத்த பேக்கை ஏற்க மறுப்பது இதனால்தான். இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து அதை 'எழுப்பி' விடாதீர்கள்.

ஸ்பிரேயர் பழைய 12 வோல்ட் வகை என்றால் உள்ளே லெட் ஆசிட். கழற்றித் தூக்கினால் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். அதற்குச் சட்டம் நேர் எதிர்: ஃபுல்லாகத்தான் வைக்க வேண்டும், மாசம் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டும். இறங்கிப் போய்க் கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டியாகிவிடும், அடுத்த பட்டத்துக்கு அரை டேங்க் கூட அடிக்காது.

எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மோட்டார் ரூம் வேண்டாம். சித்திரை மத்தியானம் சிமெண்ட் அட்டைக்குக் கீழே அரை மணி நேரம் நின்று பாருங்கள், தெரியும். சாளையில் (தோட்டத்து வீட்டில்) வெயில் படாத உள்ளறை நல்லது. பக்கத்தில் தேங்காய் மட்டையோ ஓலையோ மருந்து டப்பாவோ இருக்கக் கூடாது.

க.பரமத்தி: வேலை முடிஞ்சதும் சார்ஜ் போட்டா ஏறமாட்டேங்குது, சிவப்பு லைட் மின்னுது. சார்ஜர் போச்சா?

சார்ஜர் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பேக் சூடாக இருப்பதால் காத்திருக்கிறது. பெரும்பாலான லித்தியம் பேக்குகளுக்கு 40, 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் கூடாது. உங்கள் ஊரில் கோடையில் நிழலிலேயே 40 தாண்டுகிறது, பேக் எப்படி ஆறும்? வெட்டி முடித்ததும் நிழலில் போட்டுவிட்டு, சார்ஜை விடியற்காலையில் வையுங்கள். ஃபிரிட்ஜ், ஈரத்துணி வைத்தியம் எல்லாம் வேண்டாம்.

காங்கேயம்: புது பேட்டரிக்கு முதல் சார்ஜ் 8 மணி நேரம் போடணுமாமே?

லித்தியத்துக்குத் தேவையில்லை. நிறைந்ததும் சார்ஜரே நிறுத்திக்கொள்ளும்.

பொள்ளாச்சி: பேட்டரி நல்லா இருக்குது, ஆனா ஸ்பிரேயர் விட்டு விட்டு ஓடுது. முதுகுல குலுங்கினா நின்னுருது.

அடிமூடியைக் கழற்றுங்கள். சிவப்பு, கறுப்பு ஒயர் முனைகள் பேட்டரியில் சொருகும் இடத்தில் பச்சைப் பூஞ்சை மாதிரி ஏதாவது படிந்திருக்கிறதா? தென்னைக்குப் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும்) அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டேங்கிலிருந்து ஒழுகும் மயில்துத்தத் தண்ணி முனையை அரித்துவிடும். பேட்டரியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அரித்த முனையை வெட்டிப் புதிது போடுங்கள். டேங்க் வாசரையும் மாற்றுங்கள், இல்லையென்றால் மறுபடி இதே கதைதான். தளர்ந்த முனை சூடாகும், பிளாஸ்டிக் உருகும். அப்புறம், உங்கள் ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்: மட்டைக் குவியல் மேல் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

அந்தியூர்: 18, 20, 21 வோல்ட், இதுல எதுங்க சக்தி ஜாஸ்தி?

பெரும்பாலும் மூன்றும் ஒன்றுதான். ஐந்து செல் வரிசை. சராசரி 3.6 வீதம் 18, நிறைந்தால் 4.2 வீதம் 21. இடைப்பட்ட 20 விளம்பரத்துக்கு. வோல்ட் ஒன்று என்பதற்காக ஒரு கம்பெனி சார்ஜரில் இன்னொரு கம்பெனி பேக்கைத் திணிக்காதீர்கள்.

பெருந்துறை: சார், புது பேட்டரிக்கு முதல் தடவை எத்தனை மணி நேரம்...

காங்கேயத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருச்செங்கோடு: ஸ்பிரேயர்ல லெட் ஆசிட்டைக் கழட்டிட்டு மெக்கானிக் ஒருத்தர் லித்தியம் போட்டுக் குடுத்தாரு. பழைய சார்ஜரே போதும்னாரு. முதுகுக்கு சுகமா இருக்குது. சரிதானுங்களே?

எந்த லித்தியம் என்பதைப் பொறுத்தது. ஃபாஸ்பேட் வகையில் நாலு செல் என்றால் நிறைவு 14.6 வோல்ட், பழைய சார்ஜர் தரும் 14.4 ஏதோ ஒத்துப்போகும். லேப்டாப் வகையில் மூன்று செல் என்றால் நிறைவே 12.6தான். அதற்கு 14.4 கொடுத்தால் செல்லுக்கு 4.8 வோல்ட். 4.2-க்கு மேல் போகவே கூடாத செல் அது. தீப்பிடிக்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

சென்னிமலை: நானும் இந்த வேலைதாங்க செய்யறேன். பிஎம்எஸ் போர்டு, அதாங்க பேட்டரியைக் காக்கற சர்க்யூட், போட்டுத்தான் குடுக்கறோம். ஜாஸ்தியானா அது கட் பண்ணிரும். சும்மா சனத்தைப் பயமுறுத்தாதீங்க.

போர்டு கடைசிக் காவல். தினமும் அதை மோத விடுகிற சார்ஜரைக் கொடுப்பது என்ன நியாயம்? போர்டில் கட் பண்ணுகிற சுவிட்ச், மாஸ்ஃபெட் என்பார்கள், அது போகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும், அப்புறம் தடுக்க ஆளில்லை. 12.6 வோல்ட் சார்ஜர் சில நூறு ரூபாய்தான்.

நாமக்கல்: அண்ணா, அவுங்க போடறது பழைய லேப்டாப் செல்லுங்க. எனக்கும் அப்படித்தான் குடுத்தாங்க.

சென்னிமலை: டெஸ்ட் பண்ணித்தான் போடறோம். மூணு வருசமா ஒருத்தரும் திரும்பி வரலை.

துபாய்: இதுக்கு நடுவுல ஒரு சந்தேகம். கத்தரிக்கு 18 வோல்ட், 4 ஆம்பியர் பேட்டரி வாங்கினேன். கோவை ஃபிளைட்ல கொண்டு வரலாமா?

18-ஐ 4-ஆல் பெருக்கினால் 72 வாட் ஹவர் வருகிறது, விமானத்துக்கான வரம்பு 100-க்குள்தான். கைப்பையில் மட்டும், முனைகளுக்கு டேப் ஒட்டி. செக்-இன் பெட்டியில் கூடாது.

தாராபுரம்: பேக் உப்பியிருச்சு. அமுக்கி டேப் சுத்திட்டேன், ஓடுது.

ஓட்டாதீர்கள், அமுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். முனைக்கு மட்டும் டேப் ஒட்டி, மணல் போட்ட இரும்பு வாளியில் வெளியே நிழலில் வைத்து, விற்ற கடையில் கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். புகை வந்தால் மூச்சில் இழுக்காமல் விலகி நின்று, கரண்ட்டை நிறுத்திவிட்டு நிறையத் தண்ணி ஊற்றுங்கள். மணல் தீயை மூடும், சூட்டைக் குறைக்காது. அணைந்தது மறுபடி பிடிக்கும்.

சென்னிமலைக்காரருக்கு: மூன்று வருசம் ஓடியது உண்மையாகவே இருக்கட்டும். பழைய செல்கள் ஒரே கொள்ளளவில் இருக்காது. சின்னது முதலில் நிறையும். மொத்தம் 12.6 காட்டும்போது ஒன்று 4.4-லும் இன்னொன்று 4.0-லும் இருக்கலாம். மொத்தத்தை மட்டும் அளந்தால் தெரியாது.

சென்னிமலை: சரிங்க, நாளைக்கு மீட்டர் வெச்சுப் பாத்துட்டு சொல்றேன்.

சார்ஜ் நின்ற உடனே, மூன்று செல்லையும் தனித்தனியாக. 4.25 தாண்டிய செல் ஒன்று இருந்தாலும் அந்தப் பேக்கை வாடிக்கையாளரிடம் கொடுக்காதீர்கள்.

ஈரோடு: அண்ணா, முதல் சார்ஜ் 8 மணி நேரம்...

மேலே.