தபால் பிரிக்கவும் பட்டுவாடா செய்யவும் என்ன மாதிரிப் புது இயந்திரம் கண்டுபிடிக்கலாம்?

கல்லூரி ப்ராஜெக்டுக்குக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. ட்ரோன், ரோபோ என்று இதற்குள் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். 1959-ல் அமெரிக்காக்காரன் நீர்மூழ்கியிலிருந்து ஏவுகணையில் 3,000 கடிதங்களை வைத்து ஃப்ளோரிடாவுக்கு விட்டான். பத்திரமாகத்தான் போய் இறங்கியது. அதோடு சரி. தபாலுக்கு வேகம் பெரிய பிரச்சினையே இல்லை. ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், முப்பது வருஷம் சார்ட்டிங் பார்த்தவன் சொல்கிறேன்.

1987-ல் ஒரு நைட் ஷிஃப்ட். புறாக்கூடு மாதிரியான மர அடுக்கின் முன்னால் நின்று கடிதங்களை அறை அறையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓரத்தில் கறுப்பு மை தடவிய கருமாதிப் பத்திரிகை ஒன்று வந்தது. 'கொடிக்கால் தெரு, ஆத்தூர்.' மாவட்டம் இல்லை. பின்கோடு 1972-லேயே வந்துவிட்டது, அதுவும் இல்லை. கைப்பழக்கத்தில் சேலம் ஆத்தூரில் போட்டேன்.

ஏழெட்டு நாள் கழித்து 'மிஸ்சென்ட்' (ஊர் மாறிப் போனது) முத்திரையோடு என் கைக்கே திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் காரியம் முந்தாநாளே முடிந்திருந்தது. பக்கத்தில் நின்ற ஸ்ரீவைகுண்டத்து அண்ணாச்சி வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏலே, கொடிக்கால்னு போட்டிருக்குல்லா? திருச்செந்தூர் பக்கத்துல எங்க வெத்தில ஆத்தூர்லா இது" என்றார்.

கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். சேலம் பக்கம் கொடிக்காலே கிடையாதா என்று யாராவது வரிந்துகட்டிக்கொண்டு வருவீர்கள். இருக்கட்டும். ஆனால் பெறுநர் பெயர் 'சுடலை' என்று ஆரம்பித்தது, தெற்குச் சீமைப் பெயர். அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

1996-ல் சென்னைக்குத் தானியங்கிப் பிரிப்பு இயந்திரம் வந்தது. அது தேடுவது பின்கோடைத்தான். 2025-ல் டிஜிபின் என்று தபால் துறையின் டிஜிட்டல் விலாசக் குறியீடு வந்தது. பத்தே எழுத்தில் 4 மீட்டர் கட்டம் வரைக்கும் இடத்தைச் சொல்லிவிடும். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. சாவு வீட்டில் உட்கார்ந்து விலாசம் எழுதுகிறவன் அதைத் தேடுவானா? எனக்கு வேண்டியது, சுடலையையும் கொடிக்காலையும் சேர்த்துப் படித்துவிட்டு, இரண்டு ஆத்தூருக்கு நடுவில் சந்தேகம் வந்தால் நிற்கிற இயந்திரம். அமெரிக்காவில் இயந்திரம் தடுமாறும் விலாசத்தைப் படம் பிடித்து வேறு ஊரில் இருக்கும் ஆளின் திரைக்கு அனுப்புகிறார்கள். அந்தத் திரைக்கு முன்னால் அண்ணாச்சி மாதிரி ஆளை உட்கார வைக்க வேண்டும்.

பட்டுவாடாவுக்கும் இயந்திரம் கேட்டிருக்கிறீர்கள். அது ஏற்கெனவே இருக்கிறது. லிஃப்ட் என்று பெயர். எங்கள் அபார்ட்மென்டில் 'டெலிவரி ஆட்கள் படியைப் பயன்படுத்தவும்' என்று அதன் கதவிலேயே ஒட்டியிருக்கிறார்கள். ஸ்பீடு போஸ்டுக்குக் கையெழுத்து வாங்க ஐந்து மாடி ஏறி வந்த பெண்ணுக்குப் பேச்சே வரவில்லை, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டேன். "மெயின்டனன்ஸ் கட்டுறது யார் சார்?" என்றார் செயலாளர். அன்று ராத்திரி அந்தக் காகிதத்தைக் கிழித்தது நான்தான். மறுநாளே லேமினேட் பண்ணி ஒட்டிவிட்டார்கள்.