அயல்நாட்டு அரசு முகம் சுளித்தால் நையாண்டியை நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வி: என் மகள் சென்னையில் விஸ்காம் படிக்கிறாள். வேறொரு நாட்டின் சர்வாதிகாரியை நையாண்டி செய்து, கல்லூரி விழாவுக்காக ஓர் ஓரங்க நாடகம் எழுதியிருக்கிறாள். "யாரோ ஒரு நாட்டுத் தலைவரைச் சீண்டி உனக்கு என்ன ஆகப்போகிறது? வட கொரியா எதிர்த்ததால் சோனி நிறுவனமே 2014-இல் ஒரு படத்தை நிறுத்தவில்லையா?" என்று கேட்டேன். அன்று முதல் அவள் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. உயிரோடு இருக்கும் ஒருவர் கொல்லப்படுவதாகக் காட்டிச் சிரிப்பது பண்பாடா? நான் சொன்னதில் தவறு உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, மகளுக்கு ஏதும் வந்துவிடக் கூடாதே என்ற உங்கள் பதைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால், அவளுக்கு நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டு பாதிக் கதைதான். மீதியையும் தெரிந்துகொண்டு முடிவுக்கு வாருங்கள்.

'தி இன்டர்வியூ' என்ற அந்தப் படத்தில், வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னைப் பேட்டி காணச் செல்லும் இரண்டு தொலைக்காட்சிக்காரர்களிடம் அவரைக் கொல்லும் பொறுப்பை அமெரிக்க உளவுத்துறை ஒப்படைக்கிறது. படம் வந்தால் அதைப் போர்ச் செயலாகவே கருதுவோம் என்று 2014 ஜூன் மாதத்திலேயே வட கொரியா அறிவித்தது. நவம்பர் இறுதியில் சோனியின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் ஊழியர்களின் சொந்த விவரங்களையும் மின்னஞ்சல்களையும் வெளிவராத படங்களையும் இணையத்தில் கொட்டினார்கள். டிசம்பர் 16 அன்று, 2001 செப்டம்பர் 11-ஐ நினைவூட்டித் திரையரங்குகளுக்கு மிரட்டல் விடப்பட்டது. பெரிய திரையரங்கு நிறுவனங்கள் பின்வாங்கின. மறுநாளே சோனி வெளியீட்டை ரத்து செய்தது. நீங்கள் சொன்ன கதை இங்கே முடிகிறது. ஆனால் அதே படம் டிசம்பர் 24 அன்று இணையத்திலும், மறுநாள் முந்நூறுக்கும் மேற்பட்ட திரையரங்குகளிலும் வெளியானது. அந்தத் திரையரங்குகளில் பெரும்பாலானவை தனி உரிமையாளர்கள் நடத்தும் சிறிய அரங்குகள். பெரிய நிறுவனங்கள் கைவிட்ட படத்தை அவர்கள் ஓட்டினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. தென் கொரியாவுக்குத் தப்பி வந்த வட கொரியர்கள் சிலர், அதன் பிரதிகளைப் பலூன்களில் கட்டி எல்லைக்கு அப்பால் அனுப்பவும் முனைந்தார்கள்.

இதில் என்னை உறுத்துவது ரத்து செய்யப்பட்ட அந்த ஒரு வாரம் அல்ல, அதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்தது. ஜப்பானில் உள்ள தாய் நிறுவனத்தின் தலைவர் படத்தில் கிம் இறக்கும் காட்சியின் கடுமையைக் குறைக்கச் சொன்னதும், அதற்காகப் படக்குழுவினர் நடத்திய பேரமும் கசிந்த மின்னஞ்சல்களில் இருக்கின்றன. முகத்தில் உள்ள நான்கு தீக்காயங்களில் மூன்றை எடுத்துவிடுகிறோம், தலைமுடியில் எரியும் தீயைப் பாதியாகக் குறைக்கிறோம் என்று எண்ணி எண்ணிப் பேசியிருக்கிறார்கள். மின்னஞ்சல்கள் திருடப்படாமல் இருந்திருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது. தடை என்றால் சீல் வைத்த அரசாணையாகத்தான் வரும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது இப்படி, யாரும் பார்க்காத மேசையில், யாருடைய கையெழுத்தும் இல்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது.

'ரெட் டான்' படத்தைப் பாருங்கள். அமெரிக்காவுக்குள் சீன ராணுவம் புகுவதாக 2009-இல் எடுத்து முடித்த படம் அது. சீன நாளிதழ்கள் கண்டித்தன. சீன அரசிடமிருந்து ஆணை ஏதும் வந்ததாகச் செய்தி இல்லை. ஆனாலும் சீனச் சந்தையை இழக்க அஞ்சிய தயாரிப்பு நிறுவனம், கொடிகளையும் சின்னங்களையும் கணினியில் மாற்றி, படையெடுத்தவர்களை வட கொரியர்களாக்கி 2012-இல் வெளியிட்டது. வட கொரியாவில் டிக்கெட் விற்க வழியில்லை, ஆகவே அந்நாட்டைக் கோபப்படுத்தினால் நட்டமில்லை என்பதுதான் கணக்கு. இதைப் பண்பாடு என்று உங்களால் ஒப்புக்கொள்ள முடியுமா? மரியாதை சந்தையின் அளவைப் பார்த்துத் தரப்படுமானால், அதற்கு மரியாதை என்ற பெயர் பொருந்தாது.

இருந்தாலும், உங்கள் கேள்வியில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. எதைப் பார்த்துச் சிரிக்கலாம், எதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்ற கேள்வி எழுதுகிறவருக்கு இருந்தே ஆக வேண்டும். இதில் நான் எப்போதும் திரும்பிச் செல்வது சாப்ளினிடம்தான். அவர் ஹிட்லரை நையாண்டி செய்து 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுக்க முனைந்தபோது, ஜெர்மனியைப் பகைத்துக்கொள்ள விரும்பாத பிரிட்டிஷ் அரசு அதைத் தன் நாட்டில் திரையிட விடமாட்டோம் என்ற நிலையில் இருந்தது. 1940-இல் படம் வந்தபோது பிரிட்டன் ஜெர்மனியோடு போரில் இருந்தது; அதே படம் லண்டனில் வரவேற்கப்பட்டது. இடையில் படத்தின் கருத்து மாறவில்லை, அரசின் தேவைதான் மாறியது. அரசுகளின் மனம் கோணாமல் எழுதத் தொடங்கினால், எந்த ஆண்டின் மனத்துக்கு ஏற்ப எழுதுவது?

அதே சாப்ளின், நாஜி வதை முகாம்களின் கொடுமை தமக்கு அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதினார். அதுவும் ஒரு கட்டுப்பாடுதான், ஆனால் எந்தத் தூதரகமும் விதிக்காதது. பாதிக்கப்பட்டவர்களை நினைத்து ஒரு கலைஞனுக்குத் தானாக வந்தது. உங்கள் மகளிடம் நீங்கள் பேச வேண்டியது இதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

அவமதிக்கப்பட்ட தலைவருக்கு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். நீதிமன்றம் இருக்கிறது. துருக்கி அதிபர் எர்துவானைப் பற்றி 2016-இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒருவர் ஆபாசமான நையாண்டிக் கவிதை வாசித்தபோது, எர்துவான் தனிமனிதராக வழக்குத் தொடுத்தார். ஹாம்பர்க் நீதிமன்றம் அதன் சில பகுதிகளுக்குத் தடை விதித்தது. அயல்நாட்டுத் தலைவர்களை அவமதிப்பதைத் தனிக் குற்றமாக்கிய பழைய சட்டப் பிரிவின்படி குற்றவியல் விசாரணையும் நடந்தது. அது அதே ஆண்டில் கைவிடப்பட்டது. 2018 தொடக்கத்தில் ஜெர்மனி அந்தச் சட்டப் பிரிவையே நீக்கிவிட்டது. தலைவருக்கும் சாதாரண மனிதருக்கும் ஒரே சட்டம் என்ற அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆகவே ஐயா, நாடகத்தை விடச் சொல்லாதீர்கள். அதை உங்களுக்குப் படித்துக் காட்டும்படி கேளுங்கள். சிரிப்பு அந்த மனிதரின் அதிகாரத்தின் மேல் விழுகிறதா, அல்லது அந்த நாட்டு மக்களின் முகத்தோற்றத்தின் மீதும் பேச்சின் மீதும் விழுகிறதா என்று கவனியுங்கள். இரண்டாவதாக இருந்தால், அந்த வரிகளைத் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். அதற்கான உரிமை ஆசிரியராகவும் அப்பாவாகவும் உங்களுக்கு உண்டு. முதலாவதாக இருந்தால், ஒத்திகைக்கு அவளுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். விழா என்றைக்கு என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே அவளைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிடுங்கள்.