உறைபனியிலிருந்து வெயிலுக்கு மோட்டார்ஹோமில் (வீட்டு வசதிகள் உள்ள வண்டியில்): கேள்வி பதில்

கேள்வி: குளிர்காலத்துக்காகத் தண்ணீர் லைனில் ஆன்டிஃப்ரீஸ் (குழாய் உறையாமல் தடுக்கும் திரவம்) ஏற்றி வைத்திருக்கிறோம். கிளம்புகிற அன்றே தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாமா சார்?

வேண்டாம். இரவிலும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாத இடத்தை எட்டும்வரை ஆன்டிஃப்ரீஸ் லைனிலேயே இருக்கட்டும். உள்ளே ஹீட்டர் ஓடினாலும், தரைக்கு அடியில் போகும் குழாய், வெளிப்பக்க ஷவர், பம்ப் ஆகியவை உறையக்கூடும். வண்டி ஓடும்போது அடிப்பக்கம் மோதும் காற்று இன்னும் மோசம். வெடித்த குழாய் உறைந்திருக்கும்வரை ஒழுகாது. சூடான ஊரில் பம்ப்பைப் போட்ட பிறகுதான் தரை நனையும்.

வழியில் குடிக்க, சமைக்க கேன் தண்ணீர் போதும். கழிப்பறையில் தண்ணீருக்குப் பதில் ஒவ்வொரு தடவையும் ஒரு குவளை ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுங்கள். அது புரோப்பிலீன் கிளைக்கால் வகையாக இருக்க வேண்டும். என்ஜினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, ஒரு துளிகூடத் தண்ணீர் லைனுக்குள் போகக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியிலும் ஒன்றிரண்டு லிட்டர் ஊற்றிவிடுங்கள். அங்கே வால்வு உறைந்திருந்தால் பலமாக இழுக்காதீர்கள், உடைந்து கையோடு வந்துவிடும்.

கேள்வி: போய்ச் சேர்ந்ததும் லைனை எப்படிக் கழுவுவது?

முதலில் ஃபில்டரைக் கழற்றுங்கள். வாட்டர் ஹீட்டரின் பைபாஸை (தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் திருப்பிவிடும் வால்வு) அப்படியே விட்டு, நல்ல தண்ணீர் நிரப்பி, நிறமும் நுரையும் போகும்வரை ஒவ்வொரு குழாயையும் திறந்துவிடுங்கள். பிறகுதான் பைபாஸை மாற்றி ஹீட்டரை நிரப்ப வேண்டும். முன்னாலேயே மாற்றினால் லைனில் இருக்கும் ஆன்டிஃப்ரீஸ் எல்லாம் ஹீட்டர் தொட்டிக்குள் போய், வெந்நீரில் பல நாள் வாடை வரும்.

அடுத்தது கிருமிநீக்கம். வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச், லிட்டருக்கு 1 மில்லி. 100 லிட்டர் தொட்டி என்றால் 100 மில்லி. ஹீட்டர் கொள்ளளவையும் கணக்கில் சேருங்கள். பிளீச்சை ஒரு வாளித் தண்ணீரில் கலந்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். குளிர்நீர், வெந்நீர், ஷவர், கழிப்பறை என எல்லாவற்றிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, 4 மணி நேரம் விட்டுவிடுங்கள். பின்பு வடித்து, வாடை போகும்வரை அலசி, புது ஃபில்டர் போடுங்கள்.

வெந்நீர்க் குழாயில் காற்று துப்பாமல் தண்ணீர் சீராக வந்த பிறகே ஹீட்டருக்கு மின்சாரம் கொடுங்கள். தண்ணீர் இல்லாமல் போட்டால் எலிமெண்ட் கருகிவிடும்.

கேள்வி: டயரில் 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) மாறும் என்கிறார்களே, அது போதுமா?

அது 35 பிஎஸ்ஐ வைக்கும் காருக்கு ஏறக்குறையச் சரி. உங்கள் டயரில் 80 பிஎஸ்ஐ இருந்தால் மாற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் 80 வைத்துக் கிளம்பி 25 டிகிரி இருக்கும் ஊரை அடைந்தால், ஓடாமல் நின்றாலே ஏறக்குறைய 93 காட்டும். ஆகவே தினமும் காலையில், கிளம்பும் முன், வெயில் படாத நிலையில் அளந்து சரிசெய்யுங்கள். ஓடிச் சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. ஆறிய பிறகு அது குறை அழுத்தத்தில் நிற்கும், அடுத்த ஓட்டத்தில் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். திரும்பும் பயணத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: வெயிலில் சரியாக இருந்த டயர் குளிருக்குள் போகப் போக அழுத்தம் குறைந்துகொண்டே வரும்.

எவ்வளவு வைப்பது என்பதை எடைதான் சொல்லும். முழுச் சாமான், ஆட்களுடன் ஒவ்வொரு ஆக்சிலையும் எடைமேடையில் ஏற்றி, டயர் நிறுவன அட்டவணையைப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ என்பதையும் மறக்க வேண்டாம். பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். மோட்டார்ஹோம் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். ஏழு வருடம் தாண்டியதை, பட்டன் (சாலையில் படும் மேற்பரப்பு) நன்றாக இருந்தாலும், நீண்ட பயணத்துக்கு நம்பாதீர்கள்.

கேள்வி: லித்தியம் பேட்டரி குளிரில் சார்ஜ் ஏறவில்லை. கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதமாகும். அதனால் பாதுகாப்புச் சுற்று சார்ஜைத் தடுக்கிறது. பேட்டரிப் பெட்டி சூடேறட்டும், தானே ஏற்றுக்கொள்ளும். லெட் ஆசிட் பேட்டரியானால் சில மணி நேரம் ஓய்வுக்குப் பின் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். 12.1 என்றால் பாதி காலி. காலியான லெட் ஆசிட் பேட்டரி கடுங்குளிரில் உறைந்து வெடிப்பு விடும், நிறைந்தது தாங்கும்.

கேள்வி: சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, அடுப்பு எரியவில்லை.

பியூட்டேனாக இருக்கும். அது பூஜ்ஜியத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், குளிர்ப் பகுதியில் அதுதான் வேண்டும். இணைப்புகளைச் சோப்புத் தண்ணீரால் சோதியுங்கள். கேஸ், கார்பன் மோனாக்சைடு அலாரங்களின் காலாவதித் தேதியைப் பாருங்கள். சோதனைப் பொத்தான் ஒலி எழுப்புவதால் சென்சார் வேலை செய்கிறது என்று ஆகாது.

கேள்வி: கேஸ் ஃபிரிட்ஜை எப்படிப் பயன்படுத்துவது?

கிளம்புவதற்கு முந்தைய நாளே போட்டு, குளிர்ந்த பொருட்களை மட்டும் வையுங்கள். நிறுத்தும் இடம் சமமாக இருக்கட்டும்.

கேள்வி: கூரையின் மூட்டுகளில் விரிசல் தெரிகிறது. சிலிக்கான் பூசிவிட்டுக் கிளம்பலாமா?

சிலிக்கான் வேண்டாம். அதன் மேல் பிறகு வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது. உங்கள் கூரைப் பொருளுக்கு ஏற்ற, தானே பரவும் சீலண்ட் வாங்குங்கள். குளிரிலும் ஈரத்திலும் அது பிடிக்காது, காய்ந்த மிதமான நாளில் செய்யுங்கள். அவசரம் என்றால் சுத்தமாகத் துடைத்து பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் பட்டை) ஒட்டிக்கொண்டு போகலாம்.

கேள்வி: பனிச் சாலை உப்பால் ஏதாவது ஆகுமா?

ஆகும். உப்பு ஒட்டிய இரும்பு குளிரைவிட வெயிலில்தான் வேகமாகத் துருப்பிடிக்கும். உப்பு போடும் சாலைகளைத் தாண்டிய முதல் நாளே அடிப்பக்கம், பிரேக் லைன், படிக்கட்டு மோட்டார், கழிவு வால்வுகள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷரை வயர் கனெக்டர்களுக்கும் கூரை மூட்டுக்கும் நேரே பிடிக்காதீர்கள். காய்ந்ததும் படிக்கட்டின் கீல்களுக்கு கிரீஸ் வையுங்கள்.