அப்பாவின் பட்டறைக்கல்லுக்கு என்ன விலை கேட்பது?

கேள்வி: கடலூர் முதுநகரில் என் அப்பா நாற்பது ஆண்டுகள் கொல்லுப் பட்டறை வைத்திருந்தார். அவர் காலமான பிறகு, காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் அந்தப் பட்டறைக்கல் என்ற இரும்புக் கட்டி மட்டும் கொட்டகையில் கிடக்கிறது. ஒரு பக்கம் கூம்பு மூக்கு, மறுபக்கம் சதுரத் துளை. விலாவில் 1, 2, 10 என்று மூன்று எண்கள் இடைவெளி விட்டுப் பொறித்திருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் காயலான் விலைக்குக் கேட்கிறார். வில்லியனூரிலிருந்து வந்த கொல்லர் ஒருவர் ஆறாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். என் மகனோ இணையத்தில் பார்த்துவிட்டு, முக்கால் லட்சத்துக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்கிறான். எது நியாயம்? துருவை கிரைண்டர் வைத்து எடுத்துப் பளபளப்பாக்கினால் விலை கூடுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. கிரைண்டரை அந்தக் கல்லின் அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு யார் வந்து 'மேலே கொஞ்சம் ராவித் தருகிறேன்' என்றாலும் விடாதீர்கள்.

அந்த மூன்று எண்களுக்கு வருவோம். பலரும் இதை 1210 என்று சேர்த்துப் படித்து, வரிசை எண் என்றோ உற்பத்தி செய்த ஆண்டு என்றோ நினைத்துவிடுகிறார்கள். அது எடை. இங்கிலாந்தில் செய்த பழைய கற்களில் எடையை ஹண்ட்ரட்வெயிட் கணக்கில் பொறிப்பார்கள். இலங்கைத் தமிழர்கள் 'அந்தர்' என்று சொல்லும் அதே அளவுதான். முதல் எண் ஒன்றுக்கு 112 பவுண்டு, இரண்டாவது எண் ஒன்றுக்கு 28 பவுண்டு, மூன்றாவது எண் அப்படியே பவுண்டு. உங்கள் கல்லுக்கு 112, அதோடு 56, அதோடு 10, ஆக 178 பவுண்டு. ஏறக்குறைய 81 கிலோ. நடு எண் 3-ஐத் தாண்டாது, கடைசி எண் 27-ஐத் தாண்டாது. தாண்டியிருந்தால் அது இந்தக் கணக்கு இல்லை என்று பொருள். அமெரிக்கக் கற்களில் பெரும்பாலும் பவுண்டை நேராக ஒரே எண்ணாகப் போட்டிருப்பார்கள். புதுச்சேரிப் பக்கம் இரண்டு முனையும் நீண்டு கூராகிப் போகும் பிரெஞ்சு பாணிக் கல் எதையாவது பார்த்தால், அதில் உள்ள எண் கிலோ. எடை மேடையில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுவது நல்லது. 81 கிலோவுக்கு இரண்டு கிலோ முன்பின்னாக வந்தால் கவலை வேண்டாம். ஏழெட்டுக் கிலோ குறைந்தால் எங்கோ பெரிதாக உடைந்திருக்கலாம்.

அதே விலாவில் பெயரும் இருக்கலாம். பீட்டர் ரைட், மவுஸ் ஹோல் ஆகியவை இங்கிலாந்தின் புகழ்பெற்ற கற்கள். முன்னது டட்லியில் செய்தது, பின்னது ஷெஃபீல்டில் செய்தது. கம்பி பிரஷ்ஷால் கையாலேயே மெல்லத் தேய்த்துவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்துப் பூசுங்கள். பிறகு இரவில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் நிழலாய் எழும். ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடையும் பெயரும் விலையில் பாதிதான். மீதிப் பாதி கல்லின் முகத்தில் இருக்கிறது. முகம் என்பது அடி வாங்கும் அந்தத் தட்டையான மேல்பரப்பு. உங்களிடம் இருப்பது போன்ற பழைய ஆங்கிலக் கற்களில் உடல் முழுவதும் தேனிரும்பு, அதாவது அடித்தால் வளைந்து கொடுக்கும் மெதுவான இரும்பு. அதன்மேல் ஏறக்குறைய அரை அங்குலக் கனத்தில் ஓர் எஃகுத் தகட்டை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்தே ஒட்டவைத்து, பின் நீரில் தோய்த்துக் கடினமாக்கியிருப்பார்கள். கொல்லர் காசு கொடுப்பது அந்த அரை அங்குலத்துக்குத்தான். கடினமான முகம் சுத்தியலைத் துள்ளித் திருப்பித் தரும். அடித்த கையை மறுபடி தூக்கும் வேலையில் ஒரு பங்கைக் கல்லே பார்த்துக்கொள்ளும். மெத்தென்ற முகத்தில் அடித்தால் அடியின் வேகத்தில் ஒரு பகுதியைக் கல் விழுங்கிவிடும், மாலைக்குள் தோள் கழன்றுவிடும். நாள் முழுக்க அரிவாள் அடிக்கும் மனிதருக்கு இந்த வேறுபாடு உடம்புக்குத் தெரியும்.

இதை நீங்களே சோதிக்கலாம், ஐந்து நிமிட வேலை. லாரி மெக்கானிக்கிடம் ஒரு பால்ரஸ் குண்டு, அதாவது பேரிங்கில் உருளும் எஃகு உருண்டை, கேளுங்கள்; ஓர் அங்குல அளவில் இருந்தால் போதும். கல்லை மண்தரையிலிருந்து எடுத்து ஒரு மரக்கட்டைமேல் உறுதியாக வையுங்கள். 30 செ.மீ. அளவுகோலை முகத்தின்மேல் செங்குத்தாக நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து குண்டை விடுங்கள், தள்ளக் கூடாது. எவ்வளவு உயரம் எகிறுகிறது என்று பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 24 செ.மீ. அல்லது அதற்கு மேல் எழுந்தால் முகம் அருமையாக இருக்கிறது. 20, 21 என்றால் நல்ல வேலைக்கல். 15-க்குக் கீழே போனால் முகம் மெத்தென்று ஆகிவிட்டது, அல்லது அது எஃகு முகமே இல்லாத வெறும் வார்ப்பிரும்பு. ஒரே இடத்தில் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு விரல் இடைவெளிக்கு ஓர் இடமாக முகம் முழுவதும் போட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் துள்ளி, ஓரிடத்தில் மட்டும் குண்டு சோர்ந்து, ஒலியும் கரகரத்தால் அங்கே தகடு உடலைவிட்டுப் பிரிந்திருக்கலாம். வாங்க வரும் கொல்லர் சுத்தியல் நுனியால் தட்டித் தட்டிக் கேட்பது இந்த ஒலியைத்தான்.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: உங்கள் கொட்டகை எப்போதாவது தீப்பிடித்ததுண்டா? நம் பக்கம் கீற்றுக் கொட்டகைகள் அதிகம் என்பதால் கேட்கிறேன். நெடுநேரம் தீயில் கிடந்த கல் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் முகத்தின் கடினம் போயிருக்கும். குண்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கணீரென்று மணிபோல் ஒலித்தால் விரிசல் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் ஒலிக்காத கல்லெல்லாம் கெட்ட கல் என்று முடிவுகட்டக் கூடாது. அமெரிக்காவின் ஃபிஷர் கற்களில் வார்ப்பிரும்பு உடலும் எஃகு முகமும் இருக்கும். அவை பொத்தென்றுதான் ஒலிக்கும், வேலையில் குறையே வராது.

இப்போது கிரைண்டர். இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கல்லின் நடுவில் லேசான பள்ளம் விழுந்திருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா ஊரில் இல்லாத நாளில் அதை ஒரு பட்டறைக்குத் தூக்கிப்போய், இயந்திரத்தில் 6 மி.மீ. சீவிக் கண்ணாடிபோல் ஆக்கிக் கொண்டுவந்தேன். அப்பா வந்து சுத்தியலால் ஒருமுறை தட்டினார். கையைத் திரும்ப எடுக்காமல் அப்படியே நின்றார். கடினமான அடுக்கில் பாதி போயிருந்தது. ஓர் ஆண்டுக்குள் மூலைக்கு மூலை சுத்தியல் தடம் விழத் தொடங்கியது. அந்தப் பள்ளம் பிரச்சினையே இல்லை என்று பிறகுதான் புரிந்தது. வளைந்த கம்பியை நிமிர்த்த அந்தச் சிறு பள்ளத்தைத்தான் அப்பா பயன்படுத்தியிருக்கிறார்.

ஆகவே உங்கள் கல்லில் லேசான பள்ளம் இருந்தால் மறைக்க வேண்டாம். ஓரங்கள் சற்று மழுங்கியிருப்பதும் குறையில்லை. கத்திமுனைபோன்ற ஓரம் காய்ச்சிய இரும்பில் வெட்டு விழவைக்கும். அங்கங்கே சில்லு பெயர்ந்திருந்தாலும், ஒரு பக்கத்திலாவது ஒரு சாண் நீளத்துக்கு நல்ல ஓரம் இருந்தால் போதும். பெயர்ந்த இடத்தில் யாராவது வெல்டிங் வைத்திருந்தால் விலை இறங்கும். முறையாக முன்கூட்டிச் சூடேற்றாமல் வைத்த வெல்டிங் சுற்றியுள்ள எஃகையும் கெடுத்திருக்கும். முகத்தைக் குறுக்கே வெட்டும் விரிசல், உடைந்து ஒட்டவைத்த மூக்கு ஆகியவை இருந்தால்தான் காயலான் கடைக்கு யோசிக்க வேண்டும். துரு? முதுநகரின் உப்புக் காற்றில் எந்த இரும்புதான் பழுப்பாகாமல் இருக்கும்? மேல்துரு விலையைத் தொடாது. முகத்தில் குழி குழியாக அரித்திருந்தால் மட்டும் சற்றுக் குறைப்பார்கள், அந்தக் குழிகள் அடிக்கும் பொருளில் பதியும் என்பதால். மண்ணெண்ணெய் தடவி, ஒரு நாள் ஊறவைத்துத் துடைத்து, பழைய எஞ்சின் ஆயில் பூசி வையுங்கள்.

இனி விலை. உங்கள் மகன் பார்த்தது பொய்யில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் பவுண்டுக்கு ஒரு டாலர், இரண்டு டாலர் என்று போன பழைய கற்கள் இன்று ஐந்து டாலரைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. 178 பவுண்டுக்கு அது 890 டாலர். முக்கால் லட்சம் அப்படித்தான் வந்திருக்கும். அங்கே வாங்குகிறவர்களில் பெரும்பகுதி பொழுதுபோக்காகக் கொல்லுவேலை பழகுகிறவர்கள். 2015-இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சிக் கத்திப் போட்டி அந்த ஆசையை இன்னும் கிளப்பிவிட்டது. மண்வெட்டிக்கு முனை காய்ச்சியும், நெல்லிக்குப்பம் கரும்புக்காரர்களுக்கு வெட்டுக்கத்தி அடித்தும் சம்பாதிக்கிற ஒருவர் அந்த விலையைக் கொடுத்தால், அதை மீட்க எத்தனை அரிவாள் அடிக்க வேண்டும்?

நம் ஊர்க் கொல்லர் மனத்தில் வேறு கணக்கு ஓடும். மூக்கு இருக்கிறதா என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இருக்காது. பலர் மூக்கே இல்லாத சதுரக் கட்டியைப் புளியங்கட்டையில் இறக்கிவைத்து ஆயுள் முழுக்க வேலை செய்திருக்கிறார்கள். உங்கள் கல் கிடைக்காவிட்டால் அவர் ஒரு கனமான எஃகுக் கட்டியைத் தேடிப் பிடிப்பார், அல்லது தண்டவாளத் துண்டுக்குப் போவார். தண்டவாளத்தில் மீட்டருக்கு 52 கிலோ ரகம் என்றால் ஓர் அடித் துண்டு 16 கிலோவுக்குள்தான் தேறும். பெரிய அடிக்குத் தாங்காது. ரசீது இல்லாத ரயில்வே இரும்பை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் விவரம் தெரிந்த கொல்லர் அறிவார். ஆக, உங்கள் கல் அவருக்குத் தேவைதான். ஆனால் வேறு வழியே இல்லாத தேவை இல்லை.

ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். கீழ் எல்லை அன்றைய காயலான் விலை. கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 81 கிலோவுக்கு 2,430 ரூபாய். மேல் எல்லை, இதே எடையில் புதிய எஃகுக் கல் கடையில் என்ன விலை என்பது. தொலைபேசியில் கேட்கும்போது 'வார்ப்பிரும்பா, எஃகா?' என்று மறக்காமல் கேளுங்கள். மலிவாகச் சொல்வது பெரும்பாலும் வார்ப்பிரும்பாக இருக்கும், உங்கள் கல்லுக்கு அது ஈடே இல்லை. எஃகுக் கல்லுக்குக் கிலோ 160 ரூபாய் சொன்னார்கள் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். குண்டு 24 செ.மீ. துள்ளி, ஓரமும் நன்றாக இருந்தால், புது விலையில் முக்கால் பங்கு கேட்பது நியாயம் என்பேன். அதாவது 9,720 ரூபாய். சுமாரான துள்ளல், தேய்ந்த ஓரம் என்றால் பாதி, 6,480 ரூபாய். சீவிய முகம், வெல்டிங் வைத்த ஓரம் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இந்தப் பங்கீடு என் அனுபவக் கணக்கு. கடைகளில் கேட்டறிந்த விலையை நீங்கள் அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

வில்லியனூர்க்காரர் சொன்ன ஆறாயிரம், கிலோவுக்கு 74 ரூபாய். கல்லைச் சோதிக்காமலே அவர் சொன்ன விலை என்றால், ஏமாற்ற வந்தவர் இல்லை. மறுபடி அழைத்து, அவருடைய சுத்தியலையே கொண்டுவரச் சொல்லி, தட்டிப் பார்க்க விடுங்கள். பக்கத்தில் அந்தக் குண்டையும் அளவுகோலையும் வையுங்கள். அவர் கண்ணெதிரே குண்டு துள்ளுவதைவிடப் பெரிய பேரம் இல்லை. பாதியை ரொக்கமாகவும் பாதியை அறுவடைக்குப் பிறகும் தருகிறேன் என்று கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு ஒத்துக்கொள்ளலாம்.

அதிக விலை கொடுக்கக்கூடிய ஆட்கள் வேறு இருக்கிறார்கள். அழகு வேலைப்பாட்டோடு கேட், ஜன்னல் கம்பி வளைப்பவர்களுக்கு அந்தக் கூம்பு மூக்கு உயிர். பெயர் தெளிவாகத் தெரிந்தால், ஆரோவில் போகும் வழியில் உள்ள பழம்பொருள் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அங்கே போன கல் ஏதாவது விடுதி வாசலில் பூந்தொட்டி தாங்கிக்கொண்டிருக்கும். ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும், ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கிற கையில் கொடுக்கத்தான் எனக்கு மனம் வரும். காசு உங்களுடையது, முடிவும் உங்களுடையது.

கல்லைத் தூக்கும்முன் கொட்டகையின் மூலைகளைத் தேடுங்கள். அந்தச் சதுரத் துளையில் செருகும்படி அடிப்பக்கம் சதுரக் காம்பு வைத்த வெட்டுளி, வளைப்பு அச்சு என்று அப்பா நாலைந்தாவது செய்து வைத்திருப்பார். துளையின் அளவு கல்லுக்குக் கல் மாறும் என்பதால் அவை இந்தக் கல்லோடு இருந்தால்தான் மதிப்பு. தனியே போனால் காயலான் எடைதான். அவற்றை ஒரு சாக்கில் கட்டிக் கல்லோடு வைத்து, இரண்டுக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள்.